கறுப்புக் கிடாரும் கொடிக்கம்பும்

செம்பியன்வாய்க்கால் வட்டத்தில் அரசாங்கம் அதுவரை யாரையும் கூப்பிட்டு, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டதே கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வேட்டி கொடுத்தது, சேலை கொடுத்தது, கலர் டிவி கொடுத்தது. டிவி போன வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்றுகூட விசாரிக்கவில்லை. அப்பேர்ப்பட்ட அரசாங்கம் ஒருநாள் ஊரையே கூட்டி வைத்து, "ஹெவி மெட்டல் வாசிக்க எந்தக் கிடார் உகந்தது? பொதுமக்கள் தங்கள் மேலான கருத்தைத் தெரிவிக்கலாம்" என்று கேட்டது. சும்மா கேட்குமா? பின்னால் ஒரு தென்னந்தோப்பு இருந்தது.

தோப்பு வட்டாட்சியர் அமிர்தலிங்கத்தின் மனைவி மங்களாம்பிகைக்குச் சொந்தம். பிறந்த வீட்டுச் சீதனம். எரிவாயுக் குழாய் பதிக்க வந்தவர்களின் வரைபடத்தில் சிவப்புக் கோடு அந்தத் தோப்பின் நட்டநடுவில் போயிற்று. அமிர்தலிங்கம் கோட்டைப் பார்த்தார். வீட்டுக்குப் போனால் மங்களாம்பிகையின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். ரப்பரை எடுத்தார். பொதுநலன் கருதி அந்தக் கோடு சற்றே கிழக்கே நகர்ந்து, ஹமீதா பானுவின் நஞ்சைக்குள் போய் உட்கார்ந்தது.

ஹமீதா பானு புருஷனை இழந்தவர். இருந்த ஆறு மா நிலத்தை வைத்துக்கொண்டு ஒரே மகனைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அந்த மகன் ஹாஜா மைதீன்தான் இப்போது அமிர்தலிங்கத்தின் தலைவலி.

திருத்திய வரைபடம் மேலிடத்துக்குப் போய் அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. முதலில் நிலத்தில் கல்லை நட்டுவிட வேண்டும். வரைபடம் பிற்பாடு கல்லைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். நம் நிர்வாகத்தில் அதுதான் மரபு. நட்ட கல்லை அசைக்க ஆண்டவனே மனுப் போட்டாலும் நடக்காது.

ஆனால் கல் நட விட்டால்தானே! ஊரே திரண்டு வயலோரம் பந்தல் போட்டு, "எங்கள் மண்ணைத் தொடாதே" என்று தட்டி கட்டி உட்கார்ந்துவிட்டது. போதாக்குறைக்கு ஹாஜா மைதீன், துபாய்க்காரச் சின்னத்தா, அதாவது சித்தப்பா, விட்டுப்போன பழைய எலெக்ட்ரிக் கிடாரை ஒரு ஸ்பீக்கரில் மாட்டி ஹெவி மெட்டல் வாசித்தான். சர்வேயர் அளவு சொன்னால் சங்கிலி பிடிக்கிறவனுக்குக் கேட்கவில்லை. வாய்க்காலில் நின்ற கொக்கெல்லாம் அடுத்த வட்டத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போயிற்று. சர்வேயரும் போனார்.

"அந்தப் பையனுக்கு என்னதான்யா வேணும்?" என்று தலைமை எழுத்தர் காயாரோகணத்திடம் புலம்பினார் அமிர்தலிங்கம்.

"அவனுக்குக் கோபம் சார்."

"கோபத்துக்கு ஏதும் திட்டம் இருக்கா?"

காயாரோகணம் இருபது வருஷம் கோப்பில் முங்கி எழுந்தவர். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இருக்கு சார். இளைஞர் எழுச்சி ஆற்றுப்படுத்தல் திட்டம். போன வருஷம் கேரம் போர்டு வாங்கினோம். இந்த வருஷம் இன்னும் ஒண்ணும் வாங்கல. ஒரு கிடார் வாங்கிடலாம். ஆனா எது வாங்கறதுன்னு ஊர்ல கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தணும்னு விதி. கூட்டம்னா ஊர் பூரா வந்துரும் சார். அந்த நேரம் வயல்ல ஒரு ஈ காக்கா இருக்காது."

அமிர்தலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இந்த மனுஷனுக்கு இன்னும் பதவி உயர்வு வராமல் போனதற்கு அவருக்கு அன்றைக்குத்தான் வருத்தமாக இருந்தது. ஒரு நிமிஷம் இருந்தது.

மறுநாள் ஹாஜா மைதீனை அலுவலகத்துக்கு வரச்சொல்லி, நாற்காலி போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். அரசு அலுவலகத்தில் டீ கிடைத்ததுமே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"தம்பி, உங்க கிடார்ல ஏதோ குறையாமே?"

சந்தேகம் அதோடு போயிற்று. நோயாளியிடம் நோயைக் கேட்டால் சும்மா இருப்பானா? "பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப், தந்திச் சத்தத்த ஸ்பீக்கருக்கு அனுப்புற காந்தச் சுருள், செத்துப்போச்சு சார். மெட்டலுக்கு அதுதான் உசுரு. ரெட்டைச் சுருள் பிக்கப்பா இருக்கணும், ஹம்பக்கர்ம்பாங்க. ஒத்தைச் சுருள்னா, டிஸ்டார்ஷன ஏத்தினதும் சும்மா கொய்ங்குனு இரையும். ரெட்டைல இரைச்சல் அடங்கிரும். கோபம் மட்டும் சுத்தமா வரும்."

"இரைச்சல் இல்லாத கோபம்!" அமிர்தலிங்கத்துக்குப் புல்லரித்தது. அரசாங்கம் இத்தனை காலம் மக்களிடம் எதிர்பார்த்தது அதைத்தானே? "எழுதிக்குங்க காயாரோகணம். அப்புறம் தம்பி?"

"தந்தி தடியா இருக்கணும். சுதிய இறக்கிக் கட்டினாலும் தொளதொளன்னு தொங்கக் கூடாது. கழுத்து மெலிசா இருந்தா விரல் ஓடும். கலர் மட்டும் கறுப்பு சார், அதுல மாத்தமே கிடையாது." சொல்லச் சொல்லக் கண் மினுங்கிற்று. திடீரென்று நினைவு வந்து நிமிர்ந்தான். "ஆனா நிலத்த விட மாட்டோம் சார்."

"அட, நீங்க ஒண்ணு! நிலம் வேற விஷயம், கிடார் வேற விஷயம்," என்றார், இரண்டு கோப்புகளையும் ஒரே மேஜையில் வைத்திருந்த அமிர்தலிங்கம்.

ஏற்பாடெல்லாம் கச்சிதம். ஹமீதா பானுவின் வயல் நெடுக, கோடு போகவேண்டிய இடத்தில், முந்தின நாளே மூங்கில் கம்புகளை நட்டுவைத்தார் காயாரோகணம். குருவி விரட்ட யாரோ நட்டது என்று ஊர் கண்டுகொள்ளவில்லை. சர்வேயருக்கு அமிர்தலிங்கத்தின் உத்தரவும் சுருக்கமாகப் போயிற்று. "வரைபடத்தைப் பார்க்காதீங்க. கம்பு எங்க வரிசையா நிக்குதோ, அங்க கல்லு. பத்து மணிக்கு நான் நேர்ல வந்துருவேன்."

பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. பந்தலில் காவலுக்கு ஒரு ஆள் இல்லை. 'வன்னிசை மின்நரம்புக் கருவித் தெரிவுக் குழு' என்று பேனர். தஞ்சாவூரிலிருந்து வந்த கடைக்காரர் மேஜையில் மூன்று கிடார்களை வைத்தார். ஒன்று இரண்டு பக்கமும் கொம்பு விரித்தது. ஒன்று கறுப்பு, ஓரத்தில் சிவப்புக் கோடு. இன்னொன்று பழுப்பு.

தொட்டுப்பார்த்து, மூன்றிலும் வாசித்துப்பார்த்து, கறுப்பைக் கையில் வைத்துக்கொண்டான் ஹாஜா மைதீன். "இதுதான் சார். நான் சொன்ன அத்தனையும் இதுல இருக்கு."

அதோடு கூட்டம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கருத்துக் கேட்கத்தானே கூட்டியது? ஊர் கருத்துச் சொல்ல ஆரம்பித்தது.

எதிர்க்கட்சிக்காரர் மூஸா எழுந்தார். "கறுப்பு சிவப்பா? இது கிடாரா, ஆளுங்கட்சிக் கொடியா? எங்க வரிப்பணத்துல அவங்க கட்சிக்கு விளம்பரமா?"

ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் நாகரத்தினம் விடுவாரா? "அப்ப அந்தக் கொம்பு வெச்சத வாங்குங்கறீங்களா? நல்லாப் பாருங்கய்யா! ரெண்டு பக்கமும் விரிஞ்சு, உங்க சின்னம் மாதிரியே நிக்குது!"

"பழுப்பு எல்லாருக்கும் பொது," என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

"அது சினிமாப் பாட்டு வாசிக்கிறதுங்க. ஒத்தைச் சுருள்!" என்று ஹாஜா மைதீன் பதறினான்.

"தம்பி, தனிமனித விருப்பத்தைவிட நல்லிணக்கம் முக்கியம்," என்றார் அமிர்தலிங்கம். மணி பத்து ஆகியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார்.

அதற்குள் நெல் கொள்முதல் நிலையத்து எழுத்தர் அப்துல் ஜலீல் ஈரப்பதமானியோடு மேடை ஏறிவிட்டார். அந்த வட்டத்தில் அரசு சார்பில் எதையாவது வாங்கிப் பழக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரையும் குழுவில் போட்டிருந்தார்கள். கறுப்புக் கிடாரை இரண்டு தட்டுத் தட்டினார். முகர்ந்தார்.

"மரம் ஈரமா இருக்கும்போல. ஒரு கைப்பிடி சுரண்டிக் குடுங்க, மெஷின்ல போட்டுப் பாக்கணும்."

"ஐயய்யோ, சுரண்டறதா!" கடைக்காரர் கிடாரைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டார்.

"சாம்பிள் இல்லாம எப்படி எடுக்கறது? சரி, இன்னிக்குச் சாக்கும் இல்ல. ரோட்டோரமாக் கொட்டி வெச்சுட்டுப் போங்க, அடுத்த வாரம் பாக்கலாம்."

அமிர்தலிங்கம் சிரித்துவிட்டார். "இதைச் சாக்குல கட்ட வேண்டாம் ஜலீல்" என்று கிடாரை வாங்கினார். வாங்கினவர் மேஜையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எப்படித்தான் இருக்கும் என்று வாரைத் தோளில் போட்டு, தந்தியில் ஒரு இழுப்பு இழுத்தார்.

ஸ்பீக்கரிலிருந்து இடி விழுந்தது. 

அமிர்தலிங்கத்துக்கு உடம்பெல்லாம் அதிர்ந்தது. கலெக்டர் ஆபீஸில் நின்றுகொண்டே வாங்கிய ஏச்சு, அமைச்சர் வரும்போது வெயிலில் பிடித்த குடை, பாதிச் சோற்றில் எழுந்து ஓடிய நாள், எல்லாம் அந்த ஒரு இழுப்பில் வெளியே வந்தது. அவருக்கு அழுகை வரப்பார்த்தது. "இன்னொரு தடவை இழுத்துக்கவா தம்பி?" என்று கேட்டார். அதற்கப்புறம் அவருக்குப் பத்து மணியாவது ஒன்றாவது! "ஹம்பக்கர்னா ஹம்பக்கர்தான்!" என்று மைக்கில் அறிவித்தார். பையில் செல்போன் துடித்தது. சர்வேயர். நல்ல கட்டத்தில் என்ன தொந்தரவு என்று அமிர்தலிங்கம் அதைக் கட் பண்ணினார். மறுபடி அடித்தது. மறுபடியும் கட் பண்ணினார்.

சாப்பாட்டு நேரம் தாண்டி ஏகமனதாக முடிவு வந்தது. கிடார் கறுப்பு சிவப்பாகவே இருக்கலாம். தோளில் மாட்டும் வார் எதிர்க்கட்சிக் கலரில் இருக்கும். கிடாரின் நெற்றியில், ஆபீஸ் பெஞ்சில் எழுதுகிற மாதிரி, வெள்ளைப் பெயின்ட்டில் 'அரசுச் சொத்து' என்று எழுதப்படும். ஹாஜா மைதீன் மூன்றுக்கும் தலையாட்டினான். ஹம்பக்கர் தப்பித்ததே, அதுவே போதும் என்று இருந்தது அவனுக்கு.

வெளியே வந்துதான் அமிர்தலிங்கம் போனை எடுத்தார்.

"முடிஞ்சுது சார்," என்றார் சர்வேயர். குரலில் பக்தி வழிந்தது. "வயல்ல ஒரு கம்பு இல்லியேன்னு உங்களக் கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. அப்புறம் பாத்தா, கம்பெல்லாம் தோப்புக்குள்ள நூல் புடிச்சாப்ல நிக்குது, கொடியோட! சொந்தத் தோப்புன்னும் பாக்காம நட்டு வெச்சிருக்கீங்களே, தாசில்தார்னா நீங்கதான் சார்! எல்லாக் கல்லையும் நட்டாச்சு, சிமெண்டும் போட்டாச்சு."

 "தோப்புக்குள்ள எவன்யா கம்பு நட்டது?" என்று அலறினார் அமிர்தலிங்கம்.

நாகரத்தினம் பெருமையோடு முன்னால் வந்தார். "நான்தாங்க. கூட்டத்துக்கு எம்.எல்.ஏ. வர்றதாச் சொன்னாங்க. வெயில்படாம வரட்டுமேன்னு உங்க தோப்பு வழியாக் கட்சிக்கொடி கட்டினேன். கம்பு பத்தல. அந்தம்மா வயல்ல சும்மா நின்னுதுங்களா, புடுங்கிட்டு வந்துட்டேன். எம்.எல்.ஏ.தான் வரல."

வீட்டில் என்ன நடந்தது என்பதை நாம் விசாரிக்க வேண்டாம். மங்களாம்பிகை சமைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். மறுநாள் காலையில் நேராக வயலோரப் பந்தலுக்குப் போனார், ஊரோடு சேர்ந்து போராடலாம் என்று. அங்கே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க நிலத்துலதான் கல்லு இல்லியே, இனிமே எதுக்கும்மா பந்தல்?" என்றார் மூஸா. கட்சி வேறாக இருந்தாலும் கீற்றின் மறுமுனையை நாகரத்தினம்தான் பிடித்துக்கொடுத்தார்.

"மண்ணைத் தொடாதேன்னு எழுதியிருக்கே?"

"எங்கள் மண்ணைன்னு எழுதியிருக்கும்மா. நல்லாப் படிங்க."

மங்களாம்பிகை ஹாஜா மைதீனிடம் திரும்பினார். "தம்பி, நீயாவது வந்து எனக்காக வாசிப்பா. உன் புதுக் கிடாருக்கு இந்த வட்டமே நடுங்கும்."

அவன் தலை குனிந்தது. "முடியாதும்மா. அரசுக் கிடார்ல அரசை எதிர்த்து வாசிக்கக் கூடாதுன்னு, குடுக்கறப்பவே எழுதி வாங்கிட்டாங்க. வேணும்னா பழசை எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டார். வட்டாட்சியர் அலுவலக வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, ஸ்பீக்கரை மாட்டி, தேங்காய் துருவுகிற வேகத்தில் வாசித்தார். உள்ளே நாற்காலியில் இருந்த அமிர்தலிங்கம் கண்ணை மூடிக் கேட்டார். "பிரிட்ஜ் பிக்கப் போயிருச்சு காயாரோகணம்," என்று பெருமூச்சு விட்டார். "அதான் கோபம் முழுசா வரல." மனைவி கொடுத்த மனுவை எடுத்து, 'ஆவன செய்யப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்லை எடுக்க வேண்டும் என்றால் அவருக்கும் ஆசைதான். ஆனால் நட்ட கல்லாயிற்றே!

ஒரு வாரம் ஆயிற்று. ஊரே திரண்டு அலுவலகத்துக்கு வந்தது. மூஸா, நாகரத்தினம், ஹமீதா பானு, அப்துல் ஜலீல் எல்லோரும் இருந்தார்கள். முன்னால் ஹாஜா மைதீன், தோளில் அரசுக் கிடாரோடு. அமிர்தலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. என்ன இருந்தாலும் நல்ல ஜனங்கள், மனசு கேட்காமல் வந்துவிட்டார்கள்.

"வாங்க, வாங்க. தோப்பு விஷயமா வந்தீங்களா?"

"சத்தம் விஷயமா வந்தோம் சார்," என்று மனுவை நீட்டினான் ஹாஜா மைதீன். "வாசல்ல உக்காந்திருக்கிற அந்தம்மாவ அப்புறப்படுத்தணும். ஊர்ல ஒருத்தரும் நிம்மதியா இருக்க முடியல."

"நீயுமா தம்பி இதச் சொல்ற?"

"என்ன சார் பண்றது? சுதியே சேரல."

அமிர்தலிங்கம் மனுவை வாங்கினார். அதன்மேலும் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதி, மனைவியின் மனுவுக்கு மேலே வைத்தார்.