இரண்டு சர்க்கார்களும் என் கழுத்தும்

உலகத்தைத் திருத்தக் கிளம்புகிறவன், முதலில் தன் கல்யாணத்தை முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

யுத்தம் முடிந்த சமயம். இனிச் சண்டை வராமலிருக்க சர்க்கார்கள் தங்களுக்குள் பாட்டையும் படத்தையும் புத்தகத்தையும் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதின. நான் அப்படியே நம்பினேன். (வயது இருபத்திரண்டு, எதையும் நம்புவேன்.) இது விஷயமாகப் பேச ஓர் ஐரோப்பிய சர்க்காரின் பிரதிநிதியாக ஓர் அம்மாள் மதுரைக்கு வருகிறார், உள்ளூர்க் கைவேலைச் சாமான்கள் சிலவற்றைக் காட்டுங்கள் என்று எங்கள் வாலிபர் சங்கத்துக்குக் கடிதம் வந்தது. காரியதரிசி நான்.

ஒரு கூடையில் போட்டு எடுத்துப் போயிருக்கலாம்.

"நாடும் நாடும் உறவு கொண்டாடுறப்ப கூடையிலயா கொண்டுபோறது?" என்று முழங்கினேன். உறவு என்றதும் எனக்குத் தெரிந்த ஒரே முறை சீர்வரிசைதான். சுங்குடிச் சேலை, மண்பொம்மை, குத்துவிளக்கு, பூமாலை என்று இருபத்தொரு தட்டு. நாகஸ்வரம், தவில். எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டுவேட்டியில் நான்.

வழியில் மேல மாசி வீதியில் என் தாய்மாமன் ஜவுளிக்கடை. அவர் மகள் கமலத்துக்கும் எனக்கும் அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மருமகன் பெருமையை மாமா பார்க்கட்டுமே என்று கடை வாசலில் சற்று நின்று வேறு போனேன்.

மாமா தவில்காரரைக் கேட்டிருக்கிறார்: "என்னண்ணே விசேஷம்?"

"வெவரம் தெரியலை மொதலாளி. மாப்ள முன்னால போறாரு. பொண்ணு வீடு வெளிநாடாம், பங்களாவுல எறங்கியிருக்காகளாம்."

மாமா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார்.

பங்களாவில் நான் இங்கிலீஷில் பொரிந்து தள்ளிவிட்டு, அந்த அம்மாள் கழுத்தில் மாலையைப் போட்டேன். பரிமாற்றம் என்பதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் அவர். தட்டிலிருந்த இன்னொரு மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார். தவில்காரருக்குப் பழக்க தோஷம். கெட்டிமேளம் கொட்டிவிட்டார்!

சாயங்காலம் மாமா வீட்டுக்கு ஓடினேன்.

"சீரு எடுத்தாச்சு, மாலை மாத்தியாச்சு, மேளமும் கொட்டியாச்சு. இன்னும் என்ன மாப்ள பாக்கி?"

"மாமா, அது ரெண்டு சர்க்காருக்கும் நடுவுல கலாசார ஒத்துழைப்பு..."

"சர்க்காரு ஒத்துழைக்க ஒங் கழுத்துதான் கெடச்சுச்சா?"

நிச்சயதார்த்தம் நின்றுபோனது. பத்து நாள் சோறு இறங்கவில்லை. (பலகாரம் இறங்கியது.) பதினோராம் நாள் திரும்பப் போய்க் கெஞ்சியபோது உள்ளேயிருந்து கமலத்தின் குரல் கேட்டது.

"அப்பா, அந்தம்மாவுக்கு எம்புட்டு வயசு இருக்கும்?"

"அறுவது இருக்கும்."

"அம்புட்டு வயசானவுகளே மறுநா ரயிலேறித் தப்பிச்சுட்டாக. இனிமே இவரை வேற யாரு கட்டுவா? போனாப் போகுது, நாமளே கட்டிக்குவோம்."

இப்போது எங்களுக்கு மூன்று பிள்ளைகள். அந்த அம்மாள் வருஷம் தவறாமல் தங்கள் சர்க்காரின் கலாசார அறிக்கையைத் தபாலில் அனுப்புகிறார். அந்நிய நாட்டுத் தபால்தலையைக் கண்டதும் கமலம் வாசலிலிருந்தே பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பாள்:

"ஏய், ஓடியாங்க! ஒங்க பெரியம்மா காயிதம் போட்டிருக்காக!"