லகிமானந்தரின் எடை மெஷின்

ஜாங்கிரி தின்றால் உடம்பு இளைக்கும் என்ற செய்தி மேற்குத் தாம்பரத்தை எட்டிய அன்று, முடிச்சூர் சாலையில் பஸ் நகரவில்லை. கூட்டத்தை விலக்கக் கண்டக்டர் இறங்கிப் போனார். அவர் திரும்பவில்லை. அவரைத் தேடி டிரைவர் போனார். பயணிகள் மட்டும் சும்மா இருப்பார்களா? கொஞ்ச நேரத்தில் நடுரோட்டில் பஸ் மட்டும் தனியாக நின்றது.

அத்தனை பேரும் போன இடம் ஒரு பழைய கல்யாண மண்டபம். வாசலில் ஒரு துணி தொங்கியது. "பிடித்ததைத் தின்னுங்கள், உடம்பு இளையுங்கள்! ஸ்ரீ லகிமானந்த சுவாமிகள் விஜயம்." காற்றைப் போல லேசாகிற சித்திக்கு லகிமா என்று பெயராம். சாமி பதினெட்டு வருடம் இமயமலையில் இருந்து அதைப் பெற்றாராம். பதினெட்டு வருடம் சோறில்லாமல் மலையில் கிடந்தால் யாருக்குமே அந்தச் சித்தி வந்துவிடும் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை.

சாமி பார்ப்பதற்கு மடக்கிய குடை மாதிரி இருந்தார். அவருடைய உபதேசம் மொத்தம் நாலே வார்த்தை: "ருசி உனக்கு, கொழுப்பு எனக்கு." மண்டபத்தில் மந்திரித்து விற்கும் நெய் ஜாங்கிரியில் தினம் நாலு தின்ன வேண்டும். அதற்குப் பிறகு பிரியாணியோ, போண்டாவோ, பாயசமோ, எதைத் தின்றாலும் நாக்கில் பட்ட ருசி பக்தருக்குச் சேரும், மிச்சம் சாமிக்குப் போய்விடும். இத்தனை பேர் கொழுப்பையும் சாமி என்ன செய்கிறார் என்று ஒருவர் பணிவாகக் கேட்டார்.

"யோக அக்கினியில் எரிக்கிறேன்" என்றார் சாமி.

கேட்டவர் அந்த வெப்பம் தன் மேல் அடிப்பதாகச் சொல்லித் துண்டால் விசிறிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும் விசிறிக்கொண்டார்கள். மண்டபத்தில் கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

ஆனால் ஜனங்களை மயக்கியது சாமியல்ல, மெஷின். ரயில்வே ஸ்டேஷன்களில் நிற்குமே, ஏறி நின்று காசு போட்டால் சிவப்பும் பச்சையுமாக விளக்குச் சுழன்று, 'டக்'கென்று ஒரு அட்டை டிக்கெட்டைத் துப்புமே, அதே ஜாதி மெஷின். கூடுவாஞ்சேரியில் மூடிப்போன ஒரு டூரிங் டாக்கீஸ் வாசலில் கிடந்ததைச் சாமி வாங்கி வந்து சந்தனம் பூசி வைத்திருந்தார். டிக்கெட்டின் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். மனிதன் சொன்னால் பொய்யாக இருக்கலாம். அட்டையில் அச்சாகி வந்தால்? அச்சு பொய் சொல்லும் என்று நம்புகிற அளவுக்கு நம் ஜனங்கள் கெட்டுப்போகவில்லை.

விதிமுறைகள் சில இருந்தன. முந்நூறு பேர் ஒரே அமாவாசையில் சேர வேண்டும். நடுவில் யாரும் சேர முடியாது. வெள்ளிக்கிழமை தோறும் எடை. அதற்கு முன் சாமி திரை போட்டுக்கொண்டு மெஷினுக்குத் தனிமைப் பூஜை செய்வார். கைக்குழந்தைகளை ஏற்றக்கூடாது. முக்கியமாக, வேறு எந்தத் தராசிலும் ஏறக்கூடாது. ஏறினால் அருள் கலைந்துவிடும்.

அந்த முந்நூறு பேரில் ஒருவர் லாசரஸ். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டுகிறவர். ரயில்வே காலனி வீட்டில் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவர். மருத்துவப் பரிசோதனையில் அவர் தொண்ணூற்று இரண்டு கிலோ இருந்தார். ரத்த அழுத்தமும் கூடவே ஏறியிருந்தது. "பத்து வாரம் தருகிறேன். எட்டு கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் வண்டியிலிருந்து இறக்கி ஷெட்டில் ரெஜிஸ்டர் எழுத அனுப்ப வேண்டியிருக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

லாசரஸுக்கு உயிரே வண்டிதான். விடியற்காலை முதல் வண்டியை எடுக்கும்போது தண்டவாளம் முழுக்கத் தனக்கே எழுதி வைத்த மாதிரி இருக்கும் அவருக்கு. ஷெட்டில் ஒரு மேஜை, ஒரு பேனா, ஒரு மின்விசிறி என்று நினைத்துப் பார்த்தார். அந்தத் துக்கத்தில் இரண்டு போண்டா அதிகமாகத் தின்றார். மறுநாள் லகிமானந்தரிடம் போனார்.

"நீங்க கோயில் கமிட்டியில இருக்கீங்க. ஃபாதர் கேட்டா என்ன சொல்வீங்க?" என்றாள் மனைவி ஞானஜோதி.

"சாமி மதமே பார்க்கறதில்ல ஜோதி. எடைதான் பார்க்கறார்."

முதல் வெள்ளிக்கிழமை தொண்ணூறரை கிலோ. இரண்டாவது வெள்ளி எண்பத்தொன்பதரை. மூன்றாவது எண்பத்தெட்டு. டிக்கெட்டுகளை எல்லாம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கார்டிடம் காட்டினார், சிக்னல்காரரிடம் காட்டினார், பல்லாவரத்தில் ஏறிய பூக்காரியிடமும் காட்டினார். வீட்டில் ஞானஜோதி மீன் குழம்பை இறக்குவதற்குள் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு குறை. இளைக்க இளைக்க அவருக்குப் பேண்ட் போடுவது கஷ்டமாகிக்கொண்டே வந்தது.

இதை முதலில் கவனித்தது எல்லம்மா. காலனிக்குப் பின்னால் விறகுத்தொட்டி வைத்திருக்கிறவள். தினம் அந்த வழியாகத்தான் லாசரஸ் டூட்டிக்குப் போவார்.

"இன்னா டிரைவர் சார், பட்டன் போடாம சட்டையை மேல வுட்டு மறைச்சிகினு போற?"

"தொவைச்சதுல பேண்ட் சுருங்கிடுச்சு எல்லம்மா."

"அல்லா பேண்ட்டுமா?"

"எல்லாத்தையும்தானே தொவைக்கிறோம்?"

எல்லம்மா சிரித்தாள். லாசரஸ் டிக்கெட்டுகளை எடுத்து நீட்டினார். அவள் அவற்றை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"உன்னை வுடு. மத்தவங்களுக்கு எப்டி?"

"முந்நூறு பேருக்கும் இறங்கிட்டுது."

"ஒருத்தருக்குக்கூட ஏறலியா? ஒரு நோஞ்சானுக்குக்கூட?"

"ஒருத்தருக்குக்கூட ஏறல. அதான் மகிமை!"

"இருபத்தஞ்சு வருசமா வெறகு நிறுக்கிறேன் சார். ஒரு வண்டி கொறைஞ்சா வெறகு மேல சந்தேகம். வர்ற வண்டி அல்லாம் கொறைஞ்சா தராசு மேல சந்தேகம். வா, நம்ம தராசுல ஒரு தபா குந்து. ஒரே நிமிசம்."

"ஐயையோ, அருள் கலைஞ்சிடும்!" என்று லாசரஸ் ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடியது அதுதான் அந்த மாதத்தில் முதல் தடவை.

நாலாவது வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. லாசரஸ் மெஷினில் ஏறினார். விளக்குச் சுழன்றது. எண்பத்தேழு! கைதட்டல் அடங்குவதற்குள் வாசலில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் வந்து நின்றது. அதிலிருந்து எல்லம்மா மூன்று இரும்பு எடைக்கற்களை இறக்கினாள்.

"பேர் என்னம்மா?" என்று நோட்டும் கையுமாகக் கேட்டார் சீடர்.

"மூணு பேரும் அண்ணன் தம்பிங்க. ஆளுக்கு இருபது கிலோ. போன மாசம்தான் ஆபீசர் வந்து முத்திரை குத்திட்டுப் போனாரு."

"விளையாடுறியா? நடுவுல யாரும் சேரக்கூடாது."

"சேர்றதுக்கு வரல சாமி. ஏறி எறங்கப் போவுது, அவ்ளோதான். ஏன், கல்லைப் பாத்து பெரிய சாமிக்கு பயமா?"

முந்நூறு தலைகளும் சாமியின் பக்கம் திரும்பின. பயமில்லை என்று காட்டுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. கையை அசைத்து அனுமதித்தார்.

எல்லம்மா மூன்று கற்களையும் மெஷின் மேல் அடுக்கிக் காசைப் போட்டாள். விளக்குச் சுழன்றது. 'டக்.' லாசரஸ் எடுத்துப் படித்தார்.

"ஐம்பத்திரண்டு கிலோ." பழக்கதோஷத்தில் பின்பக்கத்தையும் படித்தார். "உங்கள் இனிமையான பேச்சு எல்லோரையும் கவரும்."

"அறுபது கிலோ இரும்பு. அம்பத்திரண்டு காட்டுது" என்றாள் எல்லம்மா. "இதுங்க உன் ஜாங்கிரியைக் கண்ணாலகூடப் பாக்கலியே சாமி. எப்டி எளைச்சுது?"

மண்டபம் அமைதியானது. மூன்று விநாடி. மனித மூளை யோசிக்க அது தாராளமாகப் போதும். ஆனால் அது பழக்கத்தில் இருந்தால்தானே? நாலாவது விநாடியில் பின்னாலிருந்து ஒரு குரல் தழுதழுத்தது.

"இரும்பே இளைச்சிடுச்சு! சாமீ!"

முந்நூறு பேரும் தடாலென்று தரையில் விழுந்தார்கள். சுவரில் இருந்த காரை உதிர்ந்தது. எல்லம்மாவும் எடைக்கற்களும் மட்டும்தான் விழவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த சாமிக்கு உயிர் வந்தது. உயிரோடு கொழுப்பும் வந்தது.

"கண்டீர்களா குழந்தைகளே! இந்த வாசலைத் தாண்டி உள்ளே வரும் எந்தப் பொருளும் லேசாகும்! எந்தப் பொருளும்!"

எல்லம்மா கீழே விழுந்து கிடந்த ரத்தினபாய் டீச்சரின் தோளைத் தட்டினாள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர்.

"டீச்சரம்மா, கழுத்துல எத்தினி பவுனு?"

"ஆறு. ஏன்?"

"நாலு வாரமா அதைப் போட்டுகினுதான் உள்ள வர்றியா?"

டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். உதடு அசைந்தது. "அறுபதுக்கு எட்டு... அப்ப ஆறுக்கு..." சங்கிலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "கடவுளே! முக்கால் பவுனுக்கு மேல போச்சே!"

அந்தக் கணக்கு மண்டபத்தில் பரவிய வேகத்தில் எந்த மந்திரமும் பரவியதில்லை. பக்தி இருந்த இடத்தில் ஒரே அலறல்.

"என் வளையலு! எட்டு பவுனு!"

"என் பொண்ணு கல்யாணத்துக்கு வெச்ச ஆரம் சாமி!"

"தாய்மார்களே, பதறாதீர்கள்! தங்கம் மகாலட்சுமி. அது குறையாது" என்றார் சாமி.

"இப்பத்தானே எந்தப் பொருளும்னு ரெண்டு வாட்டி சொன்னீங்க?" என்றார் டீச்சர். வகுப்பில் விடை மாற்றி எழுதியவனைப் பிடித்த குரல்.

கூட்டத்தில் இருந்த தசரதன், நகை வேலை செய்கிறவர், மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "எனக்கே ஒரு வாரமா தோணிச்சு. எல்லார் சங்கிலியும் கொஞ்சம் வாடினாப்பலதான் தெரியுது."

அவ்வளவுதான். வளையல் போட்ட கை ஒன்று சாமியின் தாடியைப் பிடித்தது. இன்னொன்று காவித் துண்டை முறுக்கியது. எடு என் பவுனை, வை என் பவுனை என்று நாலு திசையிலும் இழுத்தார்கள். கொழுப்பைத் தூக்கிக்கொண்டு போனவரை நாலு வாரமாகக் கும்பிட்டவர்கள், தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனவரை நாலு நிமிடம்கூட விட்டு வைப்பதாக இல்லை. மடக்கிய குடை இப்போது காற்றில் மாட்டிய குடையானது.

"குறையலை! தங்கமும் குறையலை!" என்று லகிமானந்தர் வீறிட்டார். "இரும்பும் குறையலை! நீங்களும் குறையலை! எவனும் ஒரு பொட்டுகூடக் குறையலை! திருகாணி! மெஷினுக்குப் பின்னால திருகாணி இருக்கு! வாராவாரம் நான்தான் ரெண்டு கிலோ திருகி வெச்சேன்! என்னை விடுங்கம்மா!"

தாடி கையோடு வந்தது. அடியில் இருந்த முகம் இமயமலையைப் படத்தில்கூடப் பார்த்த முகமாகத் தெரியவில்லை.

எல்லம்மா மெஷினுக்குப் பின்னால் குனிந்தாள். திருகாணியைத் தேடிப் பிடித்து, கற்களின் எடை அறுபது என்று டிக்கெட் வரும்வரை திருப்பினாள். பிறகு கற்களை இறக்கிவிட்டு லாசரஸைப் பார்த்தாள். லாசரஸ் ஏறினார். கூச்சலுக்கு நடுவே 'டக்' சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது.

தொண்ணூற்றைந்து.

"ஏறியிருக்கேன்" என்றார். "மூணு கிலோ ஏறியிருக்கேன் எல்லம்மா. இன்னும் ஆறு வாரம்தான். என் வண்டி போச்சு."

"வண்டி எங்கியும் போவல. ஆறு வாரம் கீது இல்ல? இத்தினி நாளு அவன் திருகினான், இனிமே நீ திருகு. மீன் கொழம்பு துண்ணு. சோத்துல பாதியை வுட்டுட்டுத் துண்ணு. போண்டா வேணுமா, ஒண்ணு. ஒண்ணுன்னா ஒண்ணு. காலையில பெருங்களத்தூர் வரைக்கும் நடந்து போயி நடந்தே வா. பஸ்ஸுல வந்தியோ, தெரியும் எனக்கு."

சாமியை இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து கூட்டிப்போனார்கள். அவர்களில் பருமனாக இருந்தவர் மட்டும், சாமியின் காதருகே குனிந்து, "என் டிக்கெட்டுமா பொய்?" என்று கேட்டார். பதில் வந்ததும் சாமியைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

ஆறு வாரம் லாசரஸ் நடந்தார். முதல் வாரம் மூச்சு வாங்கியது, இரண்டாவது வாரம் பசித்தது, மூன்றாவது வாரம் ஒரு போண்டாவை அரை மணி நேரம் தின்னக் கற்றுக்கொண்டார். அப்படித் தின்றபோதுதான் அதில் இஞ்சி இருப்பதே தெரிந்தது என்று ஞானஜோதியிடம் சொன்னார். "இருபது வருஷமா போடறேன்" என்றாள் அவள். டாக்டரின் தராசில் அவர் எண்பத்தொன்பது காட்டினார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. "வண்டியை ஓட்டுங்கள். மிச்சத்துக்கு இன்னும் இரண்டு மாதம் தருகிறேன்" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். கேட்ட எட்டு கிலோவில் மூன்றுதான் ஆகியிருந்தது. ஆனால் அது உண்மையான மூன்று.

சேதியைச் சொல்ல அவர் நேரே விறகுத்தொட்டிக்கு வந்தார். அங்கே தசரதனும் டீச்சரும் இன்னும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். எல்லோரும் லாசரஸைச் சுற்றி வந்து, சரியாகப் பொருந்தியிருந்த பேண்ட் பட்டனைப் பார்த்தார்கள்.

"எப்படி சார் இளைச்சீங்க?" என்றார் தசரதன்.

"நடந்தேன். கம்மியா சாப்பிட்டேன்."

தசரதன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது சரி சார், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நடக்கச் சொன்னது எந்தச் சாமியார்?"

மற்றவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கினார்கள். எல்லம்மா கையிலிருந்த விறகைக் கீழே போட்டாள்.

"ஏன்யா, உன் காலு நடக்கறதுக்குக்கூட ஒருத்தன் காவி கட்டிகினு வந்து உத்தரவு குடுக்கணுமா? மண்டையும் அப்டித்தான் சும்மா குந்திக்கினு கீது, எவனாவது வந்து சாவி குடுப்பான்னு. அவன் குடுத்தான்னா அவனுக்குத் தோதாத்தான்யா ஓடும். சாவி உன் கையிலதான் கீது. நீயே குடு!"