இன்னும் ஆறு மாதம் போகட்டும்

அயல்நாட்டில் தங்க அனுமதி கிடைக்காமல் அலைகிறவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களைப் பற்றிக் கண்ணீர் வடித்து நிறைய எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அனுமதி கிடைத்தும் நம்பாதவர்களைப் பற்றி. இந்த ரகத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. பேட்டி கொடுத்தால் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் எங்கள் டப்போ ஊரில் இந்த ரகத்தின் முதல்தரமான உருப்படி ஒன்று உண்டு. பெயர் தில்லிராம் பௌடேல். காத்மாண்டுவில் கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு இங்கே ஒரு மோட்டலில் மாட்டிறைச்சி வாட்டியவர். அந்த மோட்டல் முதலாளி நோயல் டிரான்டர் கையெழுத்துப் போட்டு, அரசாங்கமும் மனம் இரங்கி, சமையற்காரர் என்ற தகுதியில் நிரந்தர வசிப்புரிமை, அதாவது ஊர்வாயில் பி.ஆர்., கிடைத்து ஐந்து வருடமாகிறது. இவருக்கோ பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக வேண்டும். அதற்கு இரண்டு வருட முழுநேரப் படிப்பு. படிக்க வேண்டுமானால் வேலையை விட வேண்டும். அங்கேதான் சிக்கல். பி.ஆர். சமையற்காரருக்குக் கொடுத்ததாயிற்றே, சமையலை விட்டால் அது யாருடைய பி.ஆர்.?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் கொடுத்தாயிற்று, பூசாரியும் கொடுத்தாயிற்று, பக்தர்தான் வாங்கமாட்டேன் என்கிறார்.

வக்கீலைக் கேட்க வேண்டியதுதானே என்கிறீர்களா? மூன்று பேரைக் கேட்டார். மூன்று பேரும் தாராளமாகப் படியுங்கள், ஒன்றும் ஆகாது என்றார்கள். மூவரையும் அன்றோடு கைவிட்டார். ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவன் ஒரு வக்கீலா? கல்லூரியில் இடம் கிடைத்தது. உடனே சேரலாமா? "இன்னும் ஆறு மாசம் போகட்டும், ஒரு பாதுகாப்புக்கு" என்று தள்ளிவைத்தார். ஆறு மாதம் போயிற்று. அந்த ஆறு மாதத்துக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டாமா? மறுபடியும் தள்ளிவைத்தார்.

இதற்கிடையில் ஆதாரம் சேர்த்தார். சம்பளச் சீட்டுகள் சரி. அடுப்போடு தினமும் தேதி போட்டு எடுத்த படங்கள், எண்ணெய் தெறித்த முழங்கையின் படம், நோயல் தோளில் கை போட்ட படம், நறுக்கிய வெங்காயத்தின் படம். யாராவது வந்து கேட்டால், நான் மனப்பூர்வமாகத்தான் சமைத்தேன் என்று காட்டுவதற்காம். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி பிமலாவுக்கு இதுவரை யாரும் வந்து கேட்டதாக நினைவில்லை.

மூன்றாம் முறை தள்ளிவைக்கப் போனபோது கல்லூரி கையை விரித்துவிட்டது. இந்தப் பருவத்தில் வந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் இடம் இல்லை. நாற்பத்தொரு வயது. இதை விட்டால் ஆயுசுக்கும் அடுப்புதான்.

"நீங்க படிக்கப் போறீங்களா, இல்ல கடைசி வரைக்கும் வெங்காயத்தப் படம் பிடிக்கப் போறீங்களா?" என்று பிமலா கேட்டாள்.

ரோஷம் வந்துவிட்டது. ஆனால் இந்த ரகத்துக்கு ரோஷம் வந்தாலும் வழி குறுக்கேதான் போகும். விசாவுக்கு ஆகாது என்று ஐந்து வருடமாக ஒரு நாள் விடுமுறை எடுக்காத மனிதர் அவர். இருபது வாரம் சேர்ந்து கிடந்தது. வேலையை விடாமல், போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற்றுவிடுவாரோ என்று நோயலிடம் காரணமும் சொல்லாமல், இருபது வார விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனார். எப்படிப் போனார்? சமையற்காரரின் வெள்ளைக் கோட்டும் கட்டம் போட்ட கால்சட்டையுமாகப் போனார். தான் இன்னும் சமையற்காரர்தான், சற்று நேரம் பாடம் கேட்கிறார், அவ்வளவுதான் என்பதற்கு அது அத்தாட்சி. முதல் வாரம் முழுக்கப் பேராசிரியை அவரிடம் தேநீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவரும் பதினோரு மணிக்கு என்று சொல்லிவைத்தார்.

எட்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை நோயல் வீட்டுக்கு வந்துவிட்டார். தில்லிராம் கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டை அவசரமாக மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எழுபது வயது நோயல் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் இறங்கினார்.

"தில்லி, கோவிச்சுக்காதப்பா. மோட்டல வாங்க ஒருத்தன் மூணு வருஷமா வந்துக்கிட்டிருக்கான். எனக்கும் கால் போச்சு. இந்த எட்டு வாரமா நானே நின்னு சமைச்சுப் பாத்தேன், முடியல."

"பின்ன ஏன் விக்கல?"

"வித்தா உன் பி.ஆர். போயிடுமேப்பா. பௌலிங் கிளப்ல ஒருத்தன் சொன்னான். அப்புறம் விவரம் தெரிஞ்சவங்கள எல்லாம் கேட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்றாங்க. எனக்குத்தான் நம்பிக்கை வரல. சரி, இன்னும் ஆறு மாசம் பாப்போம்னு ஓட்டிக்கிட்டிருக்கேன்."

தில்லிராமுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. எந்த மனிதரின் முகத்தைப் பார்த்து ஐந்து வருடம் நடுங்கினாரோ, அந்த மனிதர் இவருக்காக நடுங்கியபடி, தேய்ந்த முழங்காலோடு, விற்க வேண்டிய மோட்டலைத் திறந்துவைத்துக் காத்திருந்திருக்கிறார்.

"வித்துடுங்க. ஒண்ணும் ஆகாது" என்றார் தில்லிராம்.

நோயல் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். "யார் சொன்னா?"

ஆதாரக் கட்டு பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. அதில் ஒரு தாளும் இதற்கு உதவாது என்று அவருக்கே தெரிந்தது. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எட்டு வாரமா நான் காலேஜ்ல படிக்கிறேன், நோயல். உங்ககிட்ட சொல்லல. தப்புதான். ஆனா பாருங்க, இங்கதான உக்காந்திருக்கேன்?"

நோயல் வெகுநேரம் பார்த்தார். தொட்டும் பார்த்தார். அடுத்த வாரம் மோட்டலை விற்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தன் பையனுக்கே தலை நரைத்த பிறகும் அப்பா என்ன சொல்வாரோ என்று மீசையை எடுக்கத் தயங்குகிறவர்கள், ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் மேலதிகாரியின் குரல் கேட்டால் எழுந்து நிற்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரியுங்கள். இதைப் படித்ததால் நமக்கு ஏதாவது பாதிப்பு வருமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்வேன். நீங்கள் நம்பமாட்டீர்கள்.