மடிக்காக ஒரு புட்டிப் புளி

பெண்ணைப் பெற்றவனிடம் நகை, சத்திரம், சமையல்காரர் என்று ஆயிரம் கவலைகளை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். மடியைப் பற்றி ஒருவரும் எச்சரிப்பதில்லை.

எங்கள் வழக்கத்தில் மணப்பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்துதான் தாலி கட்டிக்கொள்வாள். மூத்தவள் உஷாவுக்கு நாள் குறித்த அன்று, சோபாவில் இருந்த என்னை இளையவள் ரமா மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, இங்க நோடு, இங்க பாரு! அப்பாவுக்கு மடியே இல்லை. தொப்பை முடியற இடத்துல முழங்கால் வந்துடறது. உஷா எங்க உக்காருவா?"

என் மனைவி சிரிக்கவில்லை. "ஏன்னா, அந்த மைசூர்பாக்கை விட்டுத் தொலையுங்கோ. நாலு பேர் முன்னாடி அவ சறுக்கி விழப்போறா."

மைசூரில் இருந்துகொண்டு மைசூர்பாக்கை விடுவதா? ஆனால் அன்றிலிருந்து கண்ணை மூடினால் போதும், உஷா சறுக்கிக்கொண்டே போய் ஹோமத்தில் விழுந்தாள்.

அப்போதுதான் ஒரு பத்திரிகையில் படித்தேன். கொடம்புளி வகைப் பழங்களின் தோலில் ஓர் அமிலம் இருக்கிறதாம். உடம்பில் சர்க்கரை கொழுப்பாக மாறுவதை அது தடுக்கக்கூடுமாம். (எலிகளிடம் சோதித்துப் பார்த்தது என்றும் எழுதியிருந்தது. எலிக்கு ஆனது ரயில்வே குமாஸ்தாவுக்கு ஆகாதா? நான் கெமிஸ்ட்ரி பட்டதாரி வேறு.) அலுவலக நண்பர் பொன்னப்பா குடகுக்காரர். அவர் ஊரிலிருந்து ஒரு புட்டி காச்சம்புளி கொண்டுவந்து கொடுத்தார். அதே இனத்துப் பழத்தைக் காய்ச்சி இறக்கிய, தார் போலக் கறுத்த புளிப்புச் சாறு.

"ஸ்வல்ப சார், ஸ்வல்ப! ஒரு சட்டி கறிக்கே ரெண்டு சொட்டு போதும்" என்றார்.

என் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. சர்க்கரை கொழுப்பாக மாறாதென்றால், சாற்றைக் குடித்துவிட்டுத் தின்கிற மைசூர்பாக் கணக்கிலேயே வராது அல்லவா? ஒரு மடக்குச் சாறு, ஒரு வில்லை. பல் கூசியது. நெஞ்சு எரிந்தது. கொழுப்புதான் எரிகிறது என்று பூரித்தேன். ரயில் நிலையத்து எடை இயந்திரம் துப்பிய அட்டையில் எடை ஏறியிருந்தது. (பின்பக்கம், 'உங்கள் முயற்சி வெல்லும்' என்றிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் நம்பினேன்.)

கல்யாணத்தன்று முகூர்த்தம் முடியும்வரை நான் பட்டினி இருக்க வேண்டும். (பட்சணங்கள் அடுக்கியிருந்த உக்கிராண அறையில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை.) புட்டி பஞ்சகச்சத்தின் இடுப்பில் பத்திரமாக இருந்தது.

"நாழியாறது, பொண்ணை உக்கார வெச்சுக்கோங்கோ" என்று சாஸ்திரிகள் அவசரப்படுத்தினார். நெல் மூட்டைமேல் உட்கார்ந்து, தொப்பையை உள்ளே இழுத்து, மூச்சை அடக்கினேன். உஷா உட்கார்ந்தாள். சறுக்கவில்லை! சந்தோஷத்தில் மூச்சை விட்டுவிட்டேன். தொப்பை தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. புட்டியின் மூடி தெறித்தது.

வெள்ளை வேட்டியில் கருஞ்சிவப்பாக ஏதோ பரவுவதை மாப்பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டாள்.

"ஐயையோ, ரத்தம்!"

அபசகுனக் குரல் காதில் விழக்கூடாதென்று சாஸ்திரிகள் கையை உயர்த்த, கெட்டிமேளம் முழங்கியது. "ரத்தம் இல்லே, புளி! புளி!" என்று நான் அலறியதும் அதிலேயே மூழ்கிப்போனது. சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடும் என்னைப் பார்த்தவர்கள், உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்றே நினைத்தார்களாம். மாப்பிள்ளை தாலியோடு அப்படியே நின்றுவிட்டார். கை பின்னால் போயிற்று.

உஷாதான் தலை நிமிராமல், அவர் காதுக்கு மட்டும் எட்டும்படி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை. கட்டுங்கோ!"

கட்டினார்.

கூறைப் புடவையின் கறை இன்றுவரை போகவில்லை. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, ரசம் பரிமாறும்போது கேட்ட "மாமா, புளி போறுமா?" என்ற கேள்வியும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

அடுத்த மாதம் ரமாவுக்குக் கல்யாணம். நேற்று கடைக்குப் போய் வந்தவள், கைக்குழந்தைகளுக்குப் போடும் ரப்பர் ஷீட் ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"உங்க மடில விரிச்சுக்கோங்கோ, அப்பா."

உட்கார்ந்து விரித்துப் பார்த்தேன். சறுக்கிக் கீழே விழுந்தது.