அப்பாவின் கட்டிலும் டொக்கு மாஸ்டரும்

அக்காவின் கல்யாண வரவேற்புக்கு, வடலூர் மண்டபத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பா ஒரு நாள் நைட் ஷிப்ட்டை விட்டுவிட்டு வந்திருந்தார். அம்மா புதுப்புடவையில் இருந்தாள். தாய்மாமன் இருந்தார், அவர் இல்லாமல் எங்கள் சொந்தத்தில் எந்தப் பந்தியும் தொடங்காது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். வராதவை மூன்று: கரண்ட், டொக்கு மாஸ்டர், பல மாதங்களாக அவரிடம் மாட்டிக்கொண்டிருந்த என் கிடார்.

கரண்டைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் ஊருக்கு மின்சாரம் அனுப்பும் நெய்வேலிக்குப் பக்கத்தில் குடியிருந்தால் அந்த வருடங்களில் அப்படித்தான். கம்பி நம் தலைக்கு மேலே போகும், வெளிச்சம் வேறு எங்கோ எரியும். ஆனால் டொக்கு மாஸ்டரை விட மாட்டேன். சொன்ன தேதியில் கொடுக்காத தையல்காரரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்ட அளவில் தைக்காதவரையும் தெரிந்திருக்கும். கேட்காத பொருளை, கேட்காத நேரத்தில், நம் வீட்டுச் சாமானை உடைத்தே செய்து கொடுத்து, அதற்கு முழுக் காசையும் எண்ணி வாங்கிக்கொண்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் என் தலையில்தான் வந்து விடிந்தார்.

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அக்காவை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். அவள் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை கறுத்த காசில்தான் நான் பாலிடெக்னிக் போனேன். அங்கே ஹாஸ்டலில் ஒருவனுடைய கிடாரில் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். ஊருக்கு வந்தபோது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் கல்யாணத்துல நீ வாசிக்கணும்டா. எல்லாருக்கும் கேக்குறாப்ல."

கரண்ட் இருக்காது, மைக் வேலை செய்யாது என்பது எனக்கு அப்போதே தெரியும். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும் கிடார் வேண்டும். கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்து கொஞ்சம் காசும் சேர்த்திருந்தேன். டவுன்ஷிப்பிலேயே கையால் கிடார் செய்யும் ஆள் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவன் மட்டும் இன்று கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

மாஸ்டர் மகளுடைய குவார்ட்டர்ஸில், பின்பக்கத்து ஷெட்டில் இருந்தார். வேலையில் இருந்த காலத்தில் ஸ்டோர்ஸில் கடப்பாரையால் பெட்டி உடைப்பவர். சுரங்கத்து ராட்சத இயந்திரங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உதிரி பாகங்கள் எல்லாம் பெரிய பெரிய மரப்பெட்டிகளில்தான் வரும். அவற்றை முப்பது வருடம் உடைத்து உடைத்து, கடைசியில் பெட்டிக்கு உள்ளே இருக்கும் இரும்பைவிடப் பெட்டியின் மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. எந்தப் பலகையைப் பார்த்தாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டு. டொக், டொக். நன்றாக ஒலித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒலிக்காவிட்டால் "டொக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பலகை மட்டுமல்ல, கதவு, பஸ் சீட்டு, தபால்காரரின் பை, எல்லாவற்றுக்கும் அதே தீர்ப்புதான். முகத்துக்கு நேரே மாஸ்டர், முதுகுக்குப் பின்னால் டொக்கு. வேறு பெயர் யாருக்கும் தெரியாது.

நான் காசு கொடுக்கப் போனவன். அவர் என்னை இன்டர்வியூ எடுத்தார்.

"எந்த ஷிப்ட்டு?"

"ஜெனரல் ஷிப்ட்டுங்க மாஸ்டர்."

"வேலையைக் கேக்கல தம்பி. பொறந்தது."

அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். "கேட்டுட்டு வா, அவசரமில்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் போய், செகண்ட் ஷிப்ட் சங்கு ஊதும் நேரம் என்றேன்.

"உங்கப்பா?"

"அவரு பொறந்த நேரம் யாருக்கும் தெரியாதுங்க."

"வேலையைக் கேட்டேன்."

கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்தும் கரியை வாரிப் போடும் கான்ட்ராக்ட் வேலை, எத்தனையோ வருடமாக நைட் ஷிப்ட்தான் என்றேன்.

"பகல்ல எங்க தூங்குவாரு?"

"வூட்லதாங்க."

"எத்தனை ரூம்பு?"

"ஒரே ரூம்பு."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் காதையே குடைந்துகொண்டு வெகுநேரம் யோசித்தார். விலையைக் கணக்குப் போடுகிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன். "மாஸ்டர், எனக்கு சத்தம் வேணும். மண்டபத்துல கடைசி நாற்காலி வரைக்கும் கேக்கணும். அக்கா கல்யாணம்."

"ம்" என்றார். அந்த "ம்"மில்தான் அத்தனை மோசடியும் இருந்தது. டிப்ளமோ படிப்பில் அதைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரவில்லை. எட்டாயிரம் என்று பேசி, மூவாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன்.

கிடாரின் பக்கத்துக்கும் முதுகுக்கும் பலாமரம் வேண்டும் என்றார். அவருடைய மொபெட்டில் காடாம்புலியூர் மரவாடிக்குப் போனோம். அடுக்கியிருந்த ஒவ்வொரு பலாக்கட்டையாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். மரவாடிக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏந்தம்பி, பெரியவரு பழுத்துக்கீதான்னா பாக்குறாரு? பழம் வெளிய சந்தையில கீதுன்னு சொல்லுப்பா. இது மரம்."

மாஸ்டர் மரத்தையும் வாங்கினார், சந்தையில் நிறுத்தி நாற்பது ரூபாய்க்கு ஒரு பழத்தையும் வாங்கினார். என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பழத்தை என் மடியில் கிடார் மாதிரி சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். "முழங்கை எங்க வருதுன்னு பாக்கணும்." வழி நெடுக வண்டியை நிறுத்தி நிறுத்தி டேப்பால் அளந்தார். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். முள் குத்திய கை ஆறிவிட்டது. காம்பிலிருந்து பால் ஒட்டிய சட்டை இன்றும் அப்படியே இருக்கிறது. பழத்தில் முக்கால்வாசியைத் தின்றது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு முகப்புப் பலகை. அங்கேதான் அநியாயம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

ஒரு நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மாஸ்டர் அழைக்காமலே வந்து நின்றார். அப்பா நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் கட்டிலில் சாய்ந்திருந்தார். மாஸ்டர் நேராகப் போய்க் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைத் தட்டினார். டொக், டொக். அப்பா பதறி எழுந்தார்.

"எழுந்திரிக்காதீங்க. நீங்க படுத்திருந்தாத்தான் சத்தம் சரியா தெரியும்."

அப்பா மறுபடியும் படுத்துக்கொண்டார். மாஸ்டர் சுற்றிச் சுற்றிக் குனிந்து தட்டிக்கொண்டு வந்தார். ஆளைப் பார்த்தால் வெள்ளைச் சட்டை, கண்ணாடி. அப்பா நாக்கை நீட்டிக் காட்டினார்.

"என்னாத்துக்குப்பா நாக்க நீட்டிகினு கெடக்குற?" என்றேன்.

"மெடிக்கல் செக்கப்புக்கு ஆள் அனுப்பிக்கீறாங்கன்னு நெனைச்சேன்டா."

அந்தக் கட்டில் அப்பாவே செய்தது. ஏலத்தில் போன இயந்திரப் பெட்டிப் பலகை. எங்கள் பக்கத்தில் கோழிக்கூண்டு, அலமாரி எல்லாமே பேக்கிங் கேஸ் பலகைதான். தலைமாட்டில் பெட்டிக்காரன் அச்சடித்த கறுப்புக் குறி ஒன்று இருந்தது. நீண்ட காம்பு, மேலே கிண்ணம். 'உள்ளே உடையும் பொருள் இருக்கிறது' என்று காட்டப் போடும் ஒயின் கிளாஸ் படம் அது. அம்மாவுக்கு அது குத்துவிளக்கு. நான் பிறந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவந்தாள். அது என்ன என்பதை நான் பத்தாவதில் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு எந்தப் படிப்பிலும் வரவில்லை.

"இந்தப் பலகைதான்" என்றார் மாஸ்டர். "குளிர் நாட்டு மரம். உங்க உடம்புச் சூட்டுல பதமா காஞ்சிருக்கு."

நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து பாயைச் சுருட்டிவிட்டார். "படிச்ச புள்ள பாத்துத்தான் ஆள வரவெச்சிக்கீறான். எடுத்துகினு போங்க." படித்த பிள்ளை ஏமாற மாட்டான் என்ற அந்த நம்பிக்கையைக் கட்டிலோடு சேர்த்து மொபெட்டில் கட்டி எடுத்துக்கொண்டு போனார் மாஸ்டர்.

அன்றிலிருந்து அப்பாவுக்குத் தரைதான். மாமன் வரும்போதெல்லாம் வாசலிலேயே கேட்பார். "என்னா மாப்ள, கட்டிலு பாட ஆரம்பிச்சிச்சா?"

போய்க் கேட்டால் மாஸ்டர் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருப்பார். சுரங்கத்தில் வெடி வைக்கும்போது தரை அதிரும், பசை பிடிக்காது. சரி, வெடி வைக்காத லீவு நாளில் ஒட்டலாமே என்றேன். "லீவு நாள்ல வேலை செய்யச் சொல்றியா தம்பி? நான் பெர்மனன்ட்டா இருந்து ரிட்டையர் ஆனவன்" என்றார். வார்னிஷ் பூசினால் காற்றில் வரும் சாம்பல் ஒட்டும். மழை வந்தால் சாம்பல் அடங்கும், ஆனால் மழையில் வார்னிஷ் காயாது. இப்படியே பத்திரிகை அடித்தோம், பந்தல்கால் நட்டோம், தாலி கட்டி முடித்தோம்.

வரவேற்பில் இரண்டாம் பந்தி போய்க்கொண்டிருந்தது. ஜெனரேட்டரில் விளக்கும் விசிறியும் மட்டும் ஓடின. மைக் செத்துக் கிடந்தது. மேடையிலிருந்து அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம். அப்போதுதான் மொபெட் வந்து நின்றது. பின்னால் கோணிப்பையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிய ஒன்று.

அவிழ்த்தேன். பலாமரத்து மஞ்சள் முதுகு. திருப்பினேன். முகப்பில், துளைக்குக் கீழே, பளிச்சென்று அதே ஒயின் கிளாஸ்.

"இத ஏன் மாஸ்டர் இழைச்சு எடுக்கல?"

"உள்பக்கம் மட்டுந்தான் இழைச்சேன். உள்ள இருக்கிறது ஒடஞ்சிரும், பாத்துப் புடின்னு போட்டிருக்கான். கிடாருக்கு இதுக்கு மேல என்ன எழுதணும்?"

பதில் சொல்லலாம் என்று நிமிர்ந்தால், சம்பந்தி என் பின்னால் நிற்கிறார். வடலூரில் கறிக்கடைப் பக்கமே திரும்பாத மனிதர்.

"ஏந்தம்பி, இது பிராந்திக் கடையில போடுற கிளாஸ் படமாச்சே. தம்பிக்கு அந்தப் பழக்கம் உண்டா?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நல்லா கேட்டீங்க சம்பந்தி. குத்துவெளக்குங்க அது. என் வூட்டு வெளக்கு. பாருங்க, நான் வெச்ச குங்குமம் அப்பிடியே கீது."

குனிந்து பார்த்தேன். இருந்தது. மரத்தின் ரேகைக்குள் இறங்கிப்போன சிவப்பு. மாஸ்டர் அதன் மேலேயே வார்னிஷ் பூசியிருந்தார். சம்பந்தி செருப்பைக் கழற்றிவிட்டு, விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாழ்க்கையில் அந்த ஒரு நிமிடம் நான் மாஸ்டரை மன்னித்திருந்தேன்.

பிறகு மேடைக்குப் போய் வாசிக்கத் தொடங்கினேன்.

சத்தமே வரவில்லை. வரவில்லை என்றால் முதல் வரிசையைத் தாண்டவில்லை. ஓங்கி அடித்தேன். பந்தியில் சாம்பார் வாளியில் கரண்டி மோதும் சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. மாமன் இலையிலிருந்தே குரல் கொடுத்தார். "மாப்ள, கட்டிலு இன்னும் தூங்கிகினுதான் கீது போல."

இறங்கி வந்து மாஸ்டரைப் பிடித்தேன். கடைசி நாற்காலி வரைக்கும் கேட்க வேண்டும் என்று சொன்னேனா இல்லையா என்று கத்தினேன்.

அவர் ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தார். "மண்டபம் ஒரு நாளைக்குத் தம்பி. நாளைக்கு எங்க வாசிப்ப? வூட்ல. ஒரே ரூம்பு. அப்பா நைட் ஷிப்ட்டு."

"நான் கேட்டது இது இல்லீங்க."

"தெரியும்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு பாக்கி ஐயாயிரத்தை எண்ணி வாங்கினார். "பலாப்பழத்துக்கு நாப்பது" என்று மறுபடியும் கையை நீட்டினார். கொடுத்தேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். திரும்பி மேடைக்குப் போனபோது அக்கா தன் நாற்காலிக்குப் பக்கத்தில் கீழே உட்காரச் சொன்னாள். மாலையை ஒதுக்கிவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தாள். "எனக்குக் கேக்குதுடா. நிறுத்தாத."

அப்பாவுக்கு இரும்புக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டேன். மூவாயிரத்து இருநூறு. அம்மா இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கிடாருக்குக் குங்குமம் வைக்கிறாள்.

மகளுக்கு மாற்றலாகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் முன் மாஸ்டர், எனக்கு லீவாக இருந்த ஒரு மதியம் வந்தார். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் வாசலில் நின்றபடி பழக்கத்தில் நிலைக்கதவைத் தட்ட முட்டியை மடக்கியவர், அப்பாவைப் பார்த்ததும் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். இரும்புக் கட்டிலைக்கூடத் தட்டவில்லை. பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, எதையுமே தட்டாமல் போனார். அவர் அப்படி ஓர் இடத்தைவிட்டுப் போனதை டவுன்ஷிப்பில் வேறு யாரும் பார்த்திருக்க முடியாது.

ஆக, கிடாருக்கு எட்டாயிரம், தின்றுபோட்ட பழத்துக்கு நாற்பது, கட்டிலுக்கு மூவாயிரத்து இருநூறு. மொத்தம் பதினோராயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். இது பகல்கொள்ளை என்று யார் கேட்டாலும் இன்றும் சொல்வேன். மெதுவாகத்தான் சொல்வேன். அப்பா தூங்குகிறார்.