மேலே விழுந்த மாம்பழம்

ஒரு காட்டில் பாடப் புத்தகங்களையெல்லாம் கரையான் தின்றுவிட்டது. அறிவியலை இனி இணையம் வழியாகத் தொடுதிரையில்தான் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆற்றங்கரைப் பள்ளியின் மருத மரத்தில் பெரிய திரை ஒன்றை அறைந்துவிட்டுப் போனார்கள்.

முதல் பாடம் புவியீர்ப்பு. திரையில் ஒரு மாம்பழம். காம்பு அறுந்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று பிள்ளைகள் இழுத்துக் காட்ட வேண்டும். முயல்குட்டி பவுனு கீழே இழுத்தாள். ‘தவறு’ என்றது திரை. மாம்பழம் விர்ரென்று மேலே போய் மறைந்தது.

டீச்சர் நீர்நாய் அமலோற்பவம் பதறிப்போய், பாடத்தை உருவாக்கிய வௌவால் வேம்புவிடம் ஓடினார். அவன் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தான்.

“நானே சோதிச்சுப் பார்த்தேன் டீச்சர். பழம் ஒழுங்காக் கீழேதான் போகுது.”

“உனக்குக் கீழே எதுப்பா?”

“கால் இருக்கிற பக்கம். வேறெது?”

“ஐயோ! உடனே மாத்திக் கொடு.”

“அதிகாரி ஒப்புதல் கொடுத்துட்டாரே! இனி ஒரு புள்ளியை நகர்த்தணும்னாலும் மேலிடத்து அனுமதி வேணும்.”

அதிகாரி நரி தணிகாசலம் மறுநாளே ஆய்வுக்கு வந்தார். “பிள்ளைகள் தேறலைன்னா இந்தப் பள்ளியை மூடி, மலையடிவாரப் பள்ளியோடு சேர்த்துடுவோம்” என்றார்.

அங்கே தலைமை ஆசிரியர் சிறுத்தை. காலையில் உள்ளே போகும் முயல்களில் சில மாலையில் வெளியே வருவதில்லை. அதற்கு அதிகாரிகள் வைத்திருந்த பெயர் இடைநிற்றல்.

டீச்சர் நிஜ மாம்பழம் ஒன்றை எடுத்து உயரே வீசினார். அது திரும்பி வந்து அதிகாரியின் மூக்கில் விழுந்தது.

“பார்த்தீங்களா சார்?”

நரி மூக்கைத் துடைத்துக்கொண்டது. “இது ஏதோ காட்டு மாம்பழம். பாடத்தில் இருப்பது அங்கீகரிக்கப்பட்ட மாம்பழம். தேர்வை ஆரம்பிங்க.”

வௌவால் தொங்கிய விதம் டீச்சருக்கு நினைவுக்கு வந்தது. பிறகு குரங்குக் குட்டிகளை வாலால் தொங்கச் சொன்னார். வால் போதாத முயல்களைக் கொடியால் காலில் கட்டி, திரைக்கு முன்னால் தலைகீழாகத் தொங்கவிட்டார்.

“டீச்சர், எல்லாம் தலைக்கு இறங்குது!” என்று அலறினாள் பவுனு.

“அதுக்குப் பேர்தான் புவியீர்ப்பு. மறந்துடாதே. இப்போ பழத்தைக் கால் பக்கமா இழு.”

பவுனு இழுத்தாள். ‘சரி’ என்றது திரை. வகுப்பே முழு மதிப்பெண் வாங்கியது.

நரி பூரித்துப்போனது. “இதல்லவா புதிய கற்பித்தல் முறை!” எல்லாப் பள்ளிகளிலும் ஆசிரியரும் மாணவரும் தலைகீழாகத் தொங்க வேண்டும் என்று அங்கேயே ஆணையிட்டது.

மலையடிவாரத்தில் சிறுத்தையும் வாலில் தொங்கிப் பாடம் நடத்தியது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முயலும் இல்லை. அன்று முதல் அந்தப் பள்ளியில் இடைநிற்றலே இல்லை. அதற்காகச் சிறுத்தைக்கு நல்லாசிரியர் விருது கொடுத்தார்கள்.

நீதி: பாடத்தைத் திருத்தத்தான் அனுமதி வேண்டும், பிள்ளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட யாரையும் கேட்க வேண்டியதில்லை.