சுடாத சுண்ணாம்பு

சுண்ணாம்புக்கல் வேறு, சுண்ணாம்பு வேறு என்பது எனக்கு இருபத்திரண்டு வயது வரைக்கும் தெரியாது. தெரியாது என்பதுகூடத் தெரியாது. விஞ்ஞானத்தில் எனக்கு நல்ல புள்ளி என்று தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். (நல்ல புள்ளின்னா பாஸ். அதுவும் ரெண்டாந்தரம் எழுதினப்ப.) பிள்ளைகளே, அந்த அரைகுறைப் படிப்பால் உங்கள் அத்தையின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. உங்கள் மாமா கை கால் வைத்துச் சொல்வதற்கு முன், நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். அத்தையை இதில் அக்கா என்றே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

நம் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றை நீங்கள் பாலத்தின் மேலிருந்துதான் பார்த்திருக்கிறீர்கள். அப்போது பாலம் கிடையாது. ஆறு என்று சொல்வதே கொஞ்சம் மரியாதைக்குத்தான். மழை இல்லாத மாதத்தில் முழங்கால் நனையாமல் கடந்துவிடலாம். ஆனால் அந்தச் சின்ன ஆறு எத்தனை காலமாக அறுத்ததோ, இரண்டு பக்கமும் வெள்ளைக்கல் சுவர்போல நிற்கிறது. ஓரிடத்தில் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். அடியில் அண்டா அண்டாவாகக் குழிகள். உடைந்த இடத்தில் கல் சீனி மாதிரி மினுங்கும். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. கேத்தலில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். நம் ஆட்கள் அதைச் சுண்ணாம்பாறு என்பார்கள். அக்கரைக் கிராமத்துச் சிங்களவர்கள் ஹுணு ஓயா என்பார்கள். ஹுணு என்றாலும் சுண்ணாம்புதான். இரண்டு பாஷையிலும் ஒரே பெயர் இருந்தால் ஒரு மனுஷன் நம்பத்தானே செய்வான்?

(மழைக் காலத்தில அந்தப் பள்ளத்துக்குள்ள எறங்கக் கூடாது. தண்ணி வர்ற சத்தம் கேக்கும்போதே தண்ணி வந்துரும். இத வெளையாட்டுக்குச் சொல்லல.)

பத்தாம் வகுப்பில் விஞ்ஞான சேர் எங்களை அங்கே கூட்டிப்போனார். கல்லைத் தட்டிக் காட்டி, "இது சுண்ணாம்புக்கல். கல்சியம் காபனேற்று. இதிலிருந்துதான் சுண்ணாம்பு எடுக்கிறார்கள்" என்றார். எப்படி எடுக்கிறார்கள் என்பதையும் நிச்சயம் சொல்லியிருப்பார். அந்த நேரம் நான் ஒரு குழியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் மஸ்கெலியாவிலிருந்து வருவதாக இருந்தது. அக்காவுக்கு அது மூன்றாவது இடம். முதல் இரண்டும் பேச்சோடு போய்விட்டன. இந்த மாப்பிள்ளைக்கு நுவரெலியாவில் மேசன் வேலை. அக்காவுக்கும் பிடித்திருந்தது. (வாயால சொல்லமாட்டா. ஆனா அந்த வாரம் பூரா பாட்டு முணுமுணுத்துக்கிட்டே கொழுந்து பறிச்சதா கங்காணி சொன்னாரு.) இதுவும் தவறினால் இனி யாரிடமும் போய்க் கேட்கத் தனக்குத் தெம்பில்லை என்று அம்மா சொல்லியிருந்தார்.

பரிசத்தன்று விடிந்ததும் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினார். எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. அதனால் எல்லாமே வாங்க வேண்டியிருந்தது.

"வெத்தல, பாக்கு, பழம், கல்கண்டு, சுண்ணாம்பு. அஞ்சு சாமான். வெரல்ல எண்ணிக்க. ரோட்டாலயே போயி ரோட்டாலயே வா ராசு. ஆத்துப் பக்கம் எறங்காத."

ரோட்டால் போனேன். ஐந்தையும் வாங்கினேன். திரும்பும்போது ஆற்றால் இறங்கினேன். அரை மணி நேரம் மிச்சம், அதற்குள் தலைக்குக் குளித்துவிடலாம் என்பது என் கணக்கு. வெற்றிலையில் படக்கூடாது என்று சுண்ணாம்புப் பொட்டலத்தை மட்டும் சட்டையின் மேல்பையில் வைத்திருந்தேன். பள்ளத்தின் நடுவில் தாகமாக இருந்தது. குனிந்தேன். பொட்டலம் நழுவிக் குழிக்குள் விழுந்து அவிழ்ந்தது. ஒரு நிமிடத்தில் குழி முழுக்கப் பால்.

நான் அந்தப் பாலைப் பார்த்தேன். பிறகு தலையைத் தூக்கினேன். இடப் பக்கம் சுண்ணாம்புக்கல். வலப் பக்கம் சுண்ணாம்புக்கல். ஒரு பொட்டலம் போனால் என்ன, மலையே இருக்கிறதே என்று தோன்றியது.

(அடுத்த வீட்டுக் காம்பராவுல கேட்டிருந்தா ஒரு வெரல் சுண்ணாம்பு குடுத்திருப்பாங்கதான். ஆனா கேட்ட ரெண்டாவது நிமிஷம் நான் ஆத்தால வந்த கத அம்மா காதுக்குப் போயிருக்கும்.)

நாலைந்து துண்டுகளை உடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மிக்கல்லில் வைத்து இடித்தேன். அரைத்தேன். துணியில் சலித்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். கூழ் பிடிக்கவில்லை. மணல் போலப் பிரிந்து நின்றது. கொஞ்சம் கோதுமை மா சேர்த்தேன். அப்போது பிடித்தது பாருங்கள், கடைச் சுண்ணாம்பு பக்கத்தில் நிற்க முடியாது.

அம்மா எட்டிப் பார்த்தார். "என்னடா அரைக்கிற?"

"சுண்ணாம்பு கட்டியா இருந்துச்சும்மா. பதமா ஆக்குறேன்."

"பரவாயில்லையே, பொறுப்பு வந்துருச்சே ஒனக்கு."

பத்து மணிக்கு வேன் வந்தது. பதினொரு பேர். வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தின் முன்வராந்தாவில், அதாவது இஸ்தோப்பில், பாய் விரித்து உட்காரவைத்தோம். முதலில் வெற்றிலை போடுவது, பிறகு தட்டு மாற்றுவது, அதுதான் முறை. மாப்பிள்ளையின் அம்மாவை நாங்கள் மஸ்கெலியா அத்தை என்போம். பரிச வெற்றிலை நன்றாகச் சிவந்தால்தான் சம்பந்தம் ஒட்டும் என்பது அவர் நம்பிக்கை. வந்ததும் அதை இரண்டு தடவை சொன்னார்.

முதலில் போட்டவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. கொஞ்ச நேரம் மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

"என்னமோ நறநறங்குதே."

"பாக்கு முத்தலா இருக்குங்க" என்றேன் நான்.

அவர் எழுந்து போய் வாசலோரச் சாக்கடைக் கானில் துப்பினார். பச்சையாக விழுந்தது.

"என்ன மச்சான், மாடு மாதிரி பச்சையா துப்புறீங்க?" என்று வேனில் வந்த ஒருவர் சிரித்தார். சிரித்தவர் தானும் போய்த் துப்பினார். அதுவும் பச்சை. பிறகு ஒவ்வொருவராகக் கானை நோக்கிப் போனார்கள். சுண்ணாம்பு போதவில்லை என்று நினைத்து வழித்து வழித்துத் தடவினார்கள். எல்லாம் பச்சை.

கடைசியாக அத்தை ஒரு விரல் நிறைய எடுத்துப் பூசிப் போட்டுக்கொண்டார். நன்றாக மென்று, பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையிடம் நாக்கை நீட்டினார்.

"பாருடா. செவந்துருக்கா?"

"இல்லம்மா."

"நல்லா பாரு."

"வெளுத்துருக்கும்மா."

அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்து மரியாதையாகத்தான் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. தட்டு மாத்துறத இன்னொரு நாள் பாத்துக்குவோங்க. மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். முதல் இரண்டு இடமும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா கையில் இருந்த தட்டைப் பாயில் இறக்கிவைத்தார். காரணம் தெரிந்தவன் அந்த இடத்தில் நான் ஒருவன்தான். நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளே, சுண்ணாம்பு அரைத்ததற்கு நான் இப்போது வெட்கப்படுவதில்லை. அந்தத் தூணைப் பார்த்ததற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

பரிசத்தன்று கூப்பிடும்வரை பெண் வெளியே வரக்கூடாது. அக்கா வந்தார். நேராக வெற்றிலைத் தட்டுக்குப் போய், சுண்ணாம்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். மலையில் தன்னோடு கொழுந்து பறிக்கிறவர்கள் வெற்றிலை போடுவதை நாள் பூராவும் பார்க்கிறவர், ருசி பார்த்தும் இருப்பார்.

"இது நாக்குல சுடவே இல்ல. ரொட்டி மா வாசம் அடிக்குது. டேய் ராசு, இத எங்க வாங்கின?"

"ஆத்துல."

"ஆத்துல எவன்டா கட வச்சிருக்கான்?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பொட்டலம் விழுந்தது, கல் உடைத்தது, மா சேர்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். "அது கல்சியம் காபனேற்றுதாங்க" என்று முடித்தேன். அது எனக்குச் சாதகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அப்ப நான் முழுங்கினது?" என்றார் பெரியப்பா.

"பாறைங்க."

மாப்பிள்ளை அதுவரை தன் அம்மாவிடம் மட்டுமே பேசியிருந்தார். இப்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கல்ல சூளையில போட்டு நல்லா சுடணும் மச்சான். சுட்டத தண்ணியில போட்டா கொதிச்சுப் பொங்கும். அப்பத்தான் அது சுண்ணாம்பு. சுடாட்டி வெறும் கல்லு."

விஞ்ஞான சேர் சொன்னதில் நான் மீன் பிடித்த பகுதி அதுதான். ஆனால் அந்த நேரம் எனக்கு வேறொன்று காதில் விழுந்தது. தட்டு மாற்றாமலே அவர் என்னை மச்சான் என்றார். அக்காவுக்கும் அது விழுந்திருக்க வேண்டும். சட்டென்று உள்ளே போய்விட்டார்.

அத்தை கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே நல்ல சுண்ணாம்பு.

"பொண்ணு வீட்டுல வந்து நம்ம டப்பாவ எடுத்தா மரியாத இல்லன்னு வச்சிருந்தேன்" என்றபடி ஒரு வெற்றிலையில் தடவி, பாக்கு வைத்து மடித்து என்னிடம் நீட்டினார். "மொதல்ல இவன் போடட்டும். இவன் நாக்கு செவந்தாத்தான் நான் நம்புவேன்."

வாழ்நாளில் வெற்றிலை போடாதவன் நான். நாக்கு வெந்தது. காது சூடாகி வேர்த்துத் தலை சுற்றியது. நாக்கை நீட்டினேன். பதினொரு பேரும் வரிசையாக வந்து குனிந்து பார்த்தார்கள். பெரியப்பா இரண்டு தடவை வந்தார்.

"மாத்துங்க தட்ட" என்றார் அத்தை.

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் எந்தப் பரிசம் நடந்தாலும் தட்டு மாற்றுவதற்கு முன் நான் ஒரு வெற்றிலை போட்டு, சபைக்கு நாக்கை நீட்ட வேண்டும். முதலில் கேலிக்குத்தான் செய்தார்கள். இப்போது நான் போய்ச் சேரப் பிந்தினால் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

போன மாதம் டிக்கோயாவில் உங்கள் மாமாவின் தம்பி மகளுக்குப் பரிசம். நான் எழுந்து நாக்கை நீட்டியதும் மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போனார்கள். அவர்களில் ஒருவர் மஸ்கெலியா அத்தையிடம் கேட்டார்: "இது என்னங்க, இப்பிடி ஒரு மொறய நாங்க பாத்ததே இல்லையே?"

அத்தை கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்: "எங்க பக்கம் வழிவழியா செய்யிறதுங்க."

அவர்கள் தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு, "அப்ப எங்க பக்கமும் ஒருத்தர் நீட்டணுமில்லைங்களா?" என்று கேட்டு, மெலிந்த ஒருவரை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவர் பாவம், வெற்றிலையை மென்று முடித்து, என் எதிரே நின்று, பயபக்தியோடு நாக்கை நீட்டினார்.

என்னுடையதைவிட நன்றாகவே சிவந்திருந்தது.